மழை பெய்தால் எஃப் ஷார்ப் தானாக ஊதுகிறது: ஏற்காட்டில் ஒரு பழைய பைப் ஆர்கன்

தச்சுப்பட்டறை

வணக்கம்ங்க. எனக்கு சேலம் அம்மாப்பேட்டை. கட்டில், பீரோ செய்யறதுதான் பொழப்பு. அப்பா கத்துக்கொடுத்த ஆர்மோனிய ரிப்பேரும் கூடவே ஓடுது.

போன மாசம் ஏற்காட்டுல ஒரு சின்ன தேவாலயத்துல இருந்து போன். பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. "பெரிய ஆர்மோனியம் ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க"ன்னாங்க. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்த்தா அது ஆர்மோனியமே இல்ல, பைப் ஆர்கன். முன்னாடி வரிசையா உலோகக் குழாய். பின்பக்கப் பலகையைக் கழட்டி எண்ணிப் பார்த்தேன், மரம் உலோகம் எல்லாம் சேர்த்து 254. ஒரே கீபோர்டு, 54 கட்டை, அஞ்சு ஸ்டாப் (ஒவ்வொரு குழாய் வரிசையையும் திறக்கற குமிழ்). பக்கவாட்டுல ஒரு மரக் கைப்பிடி இருக்கு. அதை ஒரு பையன் மேலும் கீழும் ஆட்டிக்கிட்டே இருக்கணும், அப்பத்தான் துருத்திக்குக் காத்து. துருத்தி எவ்வளவு ரொம்பியிருக்குன்னு காட்ட நூல்ல ஒரு ஈயக் குண்டு தொங்குது.

பிரச்னை இதுதான். மழை பெஞ்ச அன்னைக்கு நடு சி-க்கு மேல உள்ள எஃப் ஷார்ப்ங்கற சுரம் தானா ஊத ஆரம்பிக்குது. கையை எடுத்தாலும் நிக்கல. ரெண்டு நாள் வெயில் அடிச்சா சரியாயிடுது. சபைக்காரங்க அதுக்கு "மழைக்குருவி"ன்னு பேரே வச்சிட்டாங்க.

கட்டைக்கு அடியில தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை ஒழுங்கா இருந்துச்சு. அடுத்த மழைக்கு முன்னைவிட மோசம். இந்த மன்றத்துல தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாடகர்குழு

நான் சேலத்தில் ஒரு சபையில் பாடகர் குழு நடத்துகிறேன். மனசு வருத்தப்பட வேண்டாம், ஆனால் இதெல்லாம் குளிர் நாட்டுக்காரன் அவன் ஊருக்குச் செய்த சாமான். நம்ம மழைக்கும் கரையானுக்கும் தாங்காது. அதைக் கண்ணாடி போட்டு ஓரமாக நிறுத்திவிட்டு நல்ல கீபோர்டு ஒன்று வாங்கச் சொல்லுங்கள். பைப் ஆர்கன் சத்தமே அதில் பத்து விதமாக வருகிறது.

நாஞ்சில்பேலட்

இங்கிலாந்தில் ஓர் ஆர்கன் பட்டறையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன். இப்போது நாகர்கோவிலில் ஓய்வு.

தம்பி, அடுத்த முறை மலை ஏறும்போது எண்ணெய்ப் புட்டியைப் பட்டறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஆர்கனுக்குள் தோலும் கம்பளியும் இருக்கிற இடத்தில் எண்ணெய் பட்டால் தூசியைப் பிடித்துப் பிசின் மாதிரி ஆகிவிடும். ஒரு ஞாயிறு சரியானதும் அதனால்தான், அடுத்த மழைக்கு மோசமானதும் அதனால்தான்.

இதை ஆங்கிலத்தில் சைஃபர் என்பார்கள். எங்கே என்று கண்டுபிடிக்க உள்ளே நடப்பது தெரிந்திருக்க வேண்டும். குழாய்கள் எல்லாம் ஒரு காற்றுப்பெட்டியின் மேல் நிற்கின்றன. பெட்டிக்குள் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நீள மரத்துண்டு, மேல்புறம் தோல் ஒட்டியது, ஒரு வாய்க்காலை அடைத்துக்கொண்டு இருக்கும். அதுதான் பேலட். கட்டையை அழுத்தினால் டிராக்கர் என்கிற மெல்லிய மரக்குச்சி அதைக் கீழே இழுக்கும், காற்று வாய்க்காலில் ஏறும். விரலை எடுத்தால் ஒரு ஸ்பிரிங் அதை மறுபடி மேலே ஒட்டவைக்கும். வாய்க்காலுக்கு மேலே குறுக்காக ஓட்டை போட்ட பட்டிகள் ஓடும், அவைதான் ஸ்லைடர்கள். ஸ்டாப் குமிழை இழுக்கும்போது நகர்வது அந்தப் பட்டிதான். கட்டை திறப்பது வாய்க்காலை, ஸ்டாப் திறப்பது வரிசையை. இரண்டும் ஒத்தால்தான் ஒரு குழாய்க்குக் காற்று.

எனவே கேள்வி ஒன்று: அந்த எஃப் ஷார்ப் ஒரே ஒரு ஸ்டாப்பில் ஊதுகிறதா, எதை இழுத்தாலும் ஊதுகிறதா? ஒன்றில் மட்டும் என்றால் ஸ்லைடர் பக்கம் கசிவு. எல்லாவற்றிலும் என்றால் பேலட் மூடவில்லை. அப்படியானால் டிராக்கர் நுனியில் இருக்கிற தோல் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சத்தம் நின்றால் கோளாறு கட்டை, குச்சிப் பக்கம். நிற்காவிட்டால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

பாடகர்குழு அவர்களுக்கு: பிலிப்பைன்ஸில் லாஸ் பின்யாஸ் என்ற ஊர் தேவாலயத்தில் மூங்கிலால் ஓர் ஆர்கன் இருக்கிறது. டியேகோ செரா என்ற பாதிரியார் 1816-ல் தொடங்கி 1824-ல் முடித்தார். 1031 குழாய், அதில் 902 மூங்கில். பூச்சி அரிக்காமல் இருக்க மூங்கிலைக் கடற்கரை மணலில் புதைத்து வைத்தார்களாம். நடுவில் பழுதாகி, 1973-ல் ஜெர்மனிக்கு அனுப்பிச் சீர்செய்து 1975-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த ஊர் மழையை ஏற்காட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காப்பித்தோட்டம்

நான் ஏற்காட்டுவாசி. எந்த ஆர்கன் என்று ஊகித்துவிட்டேன், வெளியே சொல்லமாட்டேன். இங்கே ஐப்பசியில் பீரோவுக்குள் வைத்த செருப்பே பூசணம் பூக்கிறது. மாசி வந்தால் அதே பீரோக் கதவு காய்ந்து இடைவெளி விடும். மரம் வருடம் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிற ஊர்.

இன்னொன்று, குழாய்களுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் சாவித் துவாரத்தைக்கூடக் குளவி மண் வைத்து அடைத்துவிடுகிறது. உதடு மாதிரி திறந்திருக்கிற 250 குழாயை விட்டுவைத்திருக்குமா?

தச்சுப்பட்டறை

நேத்து போயிட்டு வந்தேன். ஐயா சொன்ன மாதிரியே பார்த்தேன். அஞ்சு ஸ்டாப்புலயும் ஊதுது. தோல் நட்டைத் தளர்த்துனேன், குச்சி தொங்குச்சு, சத்தம் நிக்கல.

முன்பக்கத்துல நீளமா ஒரு பலகை, மரத் தாழ்ப்பாள் போட்டு மூடியிருந்துச்சு. காத்தை இறக்கிட்டு அதைத் திறந்தேன். உள்ள 54 பேலட்டும் பல்லு மாதிரி வரிசையா. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் ஒரு கம்பி ஆணி, பேலட் கோணாம ஏறி இறங்கறதுக்கு. மத்த ஆணியெல்லாம் மஞ்சளா பித்தளை. எஃப் ஷார்ப்புக்கு மட்டும் ஒரு பக்கம் இரும்பு ஆணி, துரு ஏறிப் பருத்துப்போய் மரத்தை உரசிக்கிட்டு இருக்கு. முன்னாடி யாரோ மாத்தியிருக்காங்க. ஸ்பிரிங்கும் அந்த ஆளோட கைவேலைதான். பக்கத்துலதெல்லாம் பித்தளைக் கம்பி, இது கருப்பா இருந்துச்சு. கையில எடுத்துப் பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு. குடைக்கம்பிங்க!

வீட்டுச் சமையல் தராசைக் கொண்டுபோயிருந்தேன். பேலட்டைத் திறக்கிற அளவுக்கு இழுத்துப் பார்த்தா பக்கத்துல உள்ளதெல்லாம் 130, 140 கிராம் காட்டுது. குடைக்கம்பி 60.

இயற்பியல்டீச்சர்

அப்போ கதை புரிகிறது. மழையில் பேலட் மரம் ஈரம் வாங்கி உப்புகிறது, துருப்பிடித்த ஆணியில் பிடிக்கிறது. மற்ற ஸ்பிரிங்குகள் அந்தப் பிடிப்பை மீறி இழுத்துவிடும். 60 கிராம் ஸ்பிரிங்கால் முடியவில்லை. வெயிலில் மரம் சுருங்கினால் அதுவே போதுமானதாக இருக்கிறது. வகுப்பில் உராய்வுக்குச் சொல்ல எனக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது, நன்றி.

நாஞ்சில்பேலட்

தராசு கொண்டுபோன கைக்கு என் வணக்கம். ஆணி பித்தளையில் அதே தடிமனில் போடுங்கள். ஸ்பிரிங் பாஸ்பர் பிரான்ஸ் கம்பியில், பக்கத்து ஸ்பிரிங் என்ன எடை காட்டுகிறதோ அதே எடைக்கு வளையுங்கள். அதிகமாக வைத்தால் வாசிப்பவர் விரலுக்கு அந்த ஒரு கட்டை கல் மாதிரி இருக்கும். எண்ணெய் பட்ட இடத்தைத் துடைத்து, கம்பளித் துண்டை மாற்றிவிடுங்கள். பேலட் தோலைத் தொடாதீர்கள், அதன் பஞ்சு போன்ற பக்கம்தான் காற்றை அடைக்கிறது.

துருத்தி எப்படி இருக்கிறது?

தச்சுப்பட்டறை

அதைத்தான் கேக்காதீங்கன்னு இருந்தேன்.

துருத்தி மேல எட்டு செங்கல் வச்சிருக்காங்க ஐயா. அடியில பழைய இரும்பு எடை நாலு அப்படியே இருக்கு, அதுக்கு மேல செங்கல். மடிப்புல தோலுக்குப் பதிலா ரெக்சின், வெள்ளைப் பசை போட்டு ஒட்டியிருக்கு. ரெக்சின் மடியற இடமெல்லாம் வெடிச்சு, கையை வச்சா புஸ்ஸுன்னு காத்து. பையன் பாவம், ஒரு பாட்டு முடியறதுக்குள்ள வேர்த்துக் கொட்டிடுது.

நாஞ்சில்பேலட்

செங்கல்! இங்கிலாந்திலும் பார்த்திருக்கிறேன். கசிவதால் சத்தம் தளர்கிறது, உடனே மேலே பாரம் ஏற்றுகிறார்கள். ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது. அழுத்தம் ஏறினால் சுருதி ஏறும், சில குழாய்கள் பிளிறும், ஒருவர் வந்து அந்தப் பிளிறலை அடக்கக் குழாய் உதட்டை நோண்டுவார். உதடு போனால் போனதுதான். இந்த ஆர்கனில் யாரும் அதுவரை போகவில்லை என்று நம்புகிறேன்.

காற்றழுத்தத்தை அளந்து பாருங்கள். இந்த அளவுள்ள பழைய ஆங்கில ஆர்கன்களில் மூன்று அங்குல நீர்மட்டம், அதாவது 75 மிமீ சுற்றுவட்டாரத்தில் இருப்பது வழக்கம்.

இயற்பியல்டீச்சர்

கருவி வாங்க வேண்டாம். லெவல் பார்க்க மேஸ்திரிகள் வைத்திருக்கிற கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் டியூப் இருக்கிறதல்லவா, அதில் ஒரு மீட்டர் போதும். யு மாதிரி வளைத்து அட்டையில் கட்டி, பாதி அளவு தண்ணீர், இரண்டு சொட்டு மை. ஒரு குழாயை எடுத்துவிட்டு அந்தத் துளையில் டியூபின் ஒரு நுனியைக் காற்று கசியாமல் பொருத்தி, அந்தக் கட்டையை அழுத்துங்கள். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அளவு. ஒரு பக்கம் ஏறியதை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள், என் மாணவர்கள் வருடா வருடம் செய்கிற தப்பு.

தச்சுப்பட்டறை

டீச்சர், செஞ்சாச்சு. செங்கலோட 88 மிமீ. பத்து விரலையும் வச்சு அழுத்துனா 61-க்கு விழுது. செங்கலை எடுத்துட்டா 72, அழுத்துனா 50-க்கும் கீழ. ஆடுது, கண்ணுல படிக்க முடியல.

பாடகர்குழு

பையன் வேர்க்க வேர்க்க ஆட்டுகிறான், குடைக்கம்பி, செங்கல். நான் சொன்னதுதான் சரி என்று நீங்களே சொல்கிறீர்கள். அது மட்டுமல்ல, போன கிறிஸ்துமஸுக்கு அங்கே பாட வந்தோம். எங்கள் கீபோர்டுக்கும் ஆர்கனுக்கும் சுருதியே சேரவில்லை. ஆர்கன் இறங்கிக் கிடந்தது.

இயற்பியல்டீச்சர்

அதற்கு ஆர்கன் மேல் பழி போடக்கூடாது சார். குழாய்க்குள் அதிர்வது காற்று. காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், சுருதி ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3 சென்ட் (அரைச்சுருதியில் நூறில் ஒரு பங்குதான் சென்ட்). 20 டிகிரியில் 440 அதிர்வுக்குச் சேர்த்த குழாய் 30 டிகிரியில் 447-ஐத் தாண்டும். சேலத்தில் சித்திரை மதியம் 38 டிகிரி, ஏற்காட்டில் மார்கழி ராத்திரி 14 டிகிரி என்று வையுங்கள். இதே ஆர்கனை இரண்டு இடத்திலும் வாசித்தால் வித்தியாசம் ஏறத்தாழ 70 சென்ட், அரைச்சுருதியில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட. உங்கள் கீபோர்டுக்குக் குளிர் தெரியாது. அதில் டிரான்ஸ்போஸ் பக்கத்தில் நுண்சுருதி மாற்ற ஒரு வசதி இருக்கும், நீங்கள்தான் ஆர்கனிடம் போக வேண்டும்.

நாதஸ்வரக்காரர் மேடை ஏறுமுன் ஊதிச் சூடேற்றிக்கொள்வதைப் பார்த்ததில்லையா?

நாஞ்சில்பேலட்

டீச்சர் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். நாக்கு வைத்த குழாய்கள், டிரம்பெட் மாதிரி ஸ்டாப்புகள், வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாது. உதடு வைத்தவை அசையும். அதனால் பெரிய ஆர்கனில் வெயில் ஏறினால் ஒரே கருவிக்குள்ளேயே இரண்டு கட்சி. இந்த ஆர்கனில் ஐந்தும் உதட்டுக் குழாய்கள் என்று படுகிறது, ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றாகப் போகும். எனவே யாராவது "கீபோர்டுக்குச் சேர்த்துக்கொடு" என்று சொன்னால் சேர்க்காதீர்கள் தம்பி. குழாய் நுனியைத் தட்டித் தட்டித் தேய்ந்துபோகும்.

துருத்திக்கு வருகிறேன். 72 என்பது பழைய இரும்பு எடையோடு, கசிவோடு. கசிவை அடைத்தால் 75 பக்கம் நிற்கும் என்று என் கணக்கு. செங்கலை வெளியே எறியுங்கள்.

தோல் செம்மறி, மெல்லியதாக, நீட்டினால் ஒரே சீராக இழுபட வேண்டும். பசை வஜ்ஜிரம் மட்டும், அதாவது மிருகத் தோல், எலும்பு காய்ச்சி எடுக்கிற பசை. வெள்ளைப் பசை மரத்துக்குள் இறங்கிவிட்டால் அடுத்தவன் ஒட்டுவது எதுவும் பிடிக்காது. வஜ்ஜிரம் வெந்நீர்த் துணி வைத்தால் விட்டுக்கொடுக்கும். ஐம்பது வருடம் கழித்து வேறொருவர் அதே துருத்தியைப் பிரிக்க வேண்டும் என்பதை நினைத்தே ஒட்டுவது எங்கள் பட்டறைப் பழக்கம்.

தச்சுப்பட்டறை

வஜ்ஜிரம்னதும் எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சுங்க. பட்டறை மூலையில தகர டப்பா, அதைச் சுத்தி வெந்நீர்ச் சட்டி, அந்த நாத்தம். வெள்ளைப் பசை வந்ததும் அம்மா முதல்ல தூக்கிப் போட்டது அந்த டப்பாவைத்தான். ஆர்மோனியத் துருத்திக்கு மட்டும் அவர் கடைசி வரைக்கும் மாத்தல.

நாலு நாள் ஆச்சு ரெக்சினையும் பசையையும் சுரண்டி எடுக்க. தோல் திண்டுக்கல்ல இருந்து வரவழைச்சேன். விளிம்பைக் காகிதம் மாதிரி சீவி வச்சுக்கிட்டு மேல போனேன். முதல் பட்டையிலேயே தோத்தேன். சேலத்துல வஜ்ஜிரம் தடவி தோலை வச்சு நிதானமா நீவலாம். அங்க காலைல எட்டு மணிக்குக் கை விரலே விறைக்குது, தடவி முடிக்கறதுக்குள்ள பசை பாயாச ஆடை மாதிரி கெட்டியாயிடுது. தோல் ஒட்டுன மாதிரி இருக்கும், இழுத்தா முழுசா உரிஞ்சு வரும்.

அப்புறம் கோயில்பிள்ளை வீட்டு இஸ்திரிப் பெட்டியை வாங்கி, மரத்தை முதல்ல கை பொறுக்கிற சூட்டுக்குக் காய வச்சேன். பசையை 60 டிகிரிக்கு மேல போகாம பார்த்துக்கிட்டேன், கொதிச்சா அதோட பலம் போயிடும். ஒரு தடவைக்கு ஒரு சாண் மட்டும். பசை, தோல், மேல வெந்நீர்ல பிழிஞ்ச துணி, எலும்புக் கத்தியால நீவல். மறுபடி அடுத்த சாண். மத்தியானம் ரெண்டு மணிக்கு வெயில் வந்ததும் வேலை தானா ஓடுச்சு. பனி நேரத்துல பசை வேலை வச்சுக்கக்கூடாதுன்னு இப்பத் தெரியுது.

காப்பித்தோட்டம் அண்ணே, குளவி நீங்க சொன்னது சரி. பதினொரு குழாய்ல மண்ணு. ஒண்ணுல மண்ணை உடைச்சா உள்ள பச்சைப் புழு அடுக்கி வச்சிருக்கு.

ஒரு குழாய் மட்டும் அடி மோசம். உலோகக் குழாய், அடிக் கூம்பு நசுங்கி, பின்பக்கத் தையல் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிஞ்சிருக்கு. இதை யார்கிட்ட கொடுக்கறது?

செவ்வாய்ப்பேட்டை

எங்கிட்ட கொடுங்க. மூணு தலைமுறையா கொலுசுப் பட்டறை. ஒரு கொலுசுக்கு எத்தனை பத்தவைப்பு இருக்குன்னு எண்ணிப் பாருங்க, இந்த ஒரு விரல் நீளம் எங்களுக்குக் கண்ணை மூடிக்கிட்டுச் செய்யற வேலை. வெண்காரம் தடவி, பொடி வச்சு, ஒரு ஊது.

நாஞ்சில்பேலட்

ஐயா, வேண்டாம்! உங்கள் கையில் குறை இல்லை, நெருப்பில்தான் ஆபத்து. அந்தக் குழாய் வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327. கலந்தால் இன்னும் கீழே, 183-லேயே இளகத் தொடங்கும். வெள்ளிப் பொடிக்கு 600-க்கு மேல் வேண்டும். நீங்கள் ஊதிய மறுநொடி குழாய் உருகி மேசையில் குட்டையாகத் தேங்கிக் கிடக்கும்.

இதற்குச் சூட்டுக்கோல்தான். சுண்ணாம்புப் பொடியை வஜ்ஜிரத்தில் குழைத்துத் தையலின் இரண்டு பக்கமும் பூசிக் காயவிட வேண்டும். பூச்சு உள்ள இடத்தில் ஈயம் ஒட்டாது. நடுவில் ஒரு நூல் அகலம் மட்டும் சுரண்டிப் பளபளப்பாக்கி, அங்கே மெழுகு தேய்த்து, கோலை நிறுத்தாமல் ஒரே இழுப்பு. நின்றால் ஓட்டை. உலோகமும் பற்றுவதும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் உருகுவதால் வேகம்தான் வித்தை. முதலில் பழைய ஈயத் தகட்டில் ஐம்பது முறை பழகுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை

ஐம்பது தேவைப்படல, முப்பதுல கை வந்துடுச்சு. முதல் பத்து தகடும் நீங்க சொன்ன குட்டைதான். வெள்ளியில சூடு காட்டினா செவக்கும், நிறம் பார்த்து நிறுத்துவோம். இது செவக்கவே மாட்டேங்குது, சும்மா இருந்துட்டு பொசுக்குன்னு ஓடிடுது. பெரியவங்க சொன்னதைக் கேட்டதுக்கு லாபம், குழாய் பிழைச்சது. தச்சர் தம்பி நாளைக்கு வந்து வாங்கிக்கலாம். கூலி வேண்டாம், வாசிக்கும்போது ஒரு நாள் கூட்டிக்கிட்டுப் போனா போதும்.

காப்பித்தோட்டம்

போகிறவர்கள் அப்படியே ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக் கல்லறைப் பக்கமும் எட்டிப் பாருங்கள். 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் அங்கே இருக்கிறது. இந்த உரையாடலுக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் ஊருக்கு வருகிறவர்கள் படகுத்துறையோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை.

தச்சுப்பட்டறை

துருத்தி முடிஞ்சது. செங்கல் இல்லாம 76 மிமீ, பத்து விரல் அழுத்துனா 73. டீச்சர் டியூப்ல தண்ணி ஆடல. பையன் இப்ப ஒரு கையில ஆட்டிக்கிட்டு இன்னொரு கையில போன் பார்க்கறான்.

ஆணி, ஸ்பிரிங் ரெண்டும் மாத்தியாச்சு. 135 கிராம். கொலுசுக்காரர் அண்ணன் குழாயையும் நட்டாச்சு, தையல் எதுன்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

பாடகர்குழு

கீபோர்டில் நுண்சுருதி வசதி இருக்கிறது. நான் இத்தனை வருடம் கவனிக்கவில்லை. மைனஸ் 20 வைத்தேன், சேர்ந்தது. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

காப்பித்தோட்டம்

முந்தாநாள் ராத்திரியிலிருந்து விடாத மழை. இன்று காலை ஆராதனைக்குப் போயிருந்தேன். மழைக்குருவி வரவில்லை. பின்வரிசையில் ஒரு பாட்டி "அது எங்கே?" என்று கேட்டார்.

நாஞ்சில்பேலட்

நல்லது. தம்பி, குடைக்கம்பி போட்டவர் ஒன்றோடு நிறுத்தியிருக்க மாட்டார். மிச்சம் 53-யும் தராசில் வைத்துப் பாருங்கள்.

தச்சுப்பட்டறை

பார்த்துட்டேன் ஐயா. இன்னும் ஆறு.